கஞ்சாத் தோட்டமும் கஞ்சாக் கடையும்

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மாலை. வாழைச்சேனையில் எங்கள் வாசிகசாலைத் திண்ணையில் வழமைபோல நான்கைந்து பேர் கூடியிருந்தோம். பத்திரிகையை உரத்து வாசிக்கும் பொறுப்பை எங்களுள் மூத்தவரான ஓய்வுபெற்ற இலிகிதர் ஒருவர் பல வருடங்களாகத் தமது உரிமையாக வைத்திருக்கிறார். கடதாசி ஆலையில் கணக்கெழுதிய கை அவருடையது. எந்தச் செய்தியை வாசித்தாலும் முடிவில் ஒரு கூட்டலோ பெருக்கலோ செய்யாமல் விடமாட்டார். அன்று அவர் வாசித்த செய்தி இது: மருத்துவத் தேவைக்கெனக் கஞ்சாவைப் பயிரிட்டு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்ய ஏழு முதலீட்டாளர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டுள்ளது, மீரிகமவில் முதலீட்டுச் சபையின் மேற்பார்வையில் 64 ஏக்கர் நிலத்தில் பயிர்ச்செய்கை நடைபெறும்.

பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "மாஸ்டர், அங்க அறுபத்து நாலு ஏக்கர். நம்மட பக்கத்தில எத்தினை அறுபத்து நாலு சும்மா கிடக்குது! டொலர் வரும் எண்டா ஏன் வேணாம் எங்கிறீங்க?"

நான் அதுவரை வேண்டாமென்று ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. என் முகம் சொல்லியிருக்க வேண்டும். அன்று அவருக்குச் சரியான விடை சொல்ல என்னால் இயலவில்லை. வீடு திரும்பும்போது யோசித்ததையும், அதன்பின் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுவதே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கஞ்சா எங்களுக்குப் புதிய சரக்கன்று. எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு சேனை இருக்கிறது. இலங்கையிலே கஞ்சா வளர்ந்த இடங்களும் பெரும்பாலும் சேனைகளே. மொனராகலை, தணமல்வில, எம்பிலிப்பிட்டிய ஆகிய பக்கங்களில் காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்ட நிலங்களின் நடுவே, சோளத்துக்கும் குரக்கனுக்கும் மறைவில் அது வளர்ந்தது. எங்கள் பிரதேசத்திலும் வயற்காவலுக்குப் பரணில் இரவைக் கழித்த முதியவர்கள் சிலர் பனியையும் நித்திரையையும் விரட்ட அதைப் புகைத்ததை நான் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கிறேன். இறைச்சிக் கறியில் இரண்டு இலையைக் கிள்ளிப் போடுவார்களென்றும் சொல்லக் கேட்டதுண்டு. சித்த, ஆயுர்வேத, யூனானி வைத்தியங்கள் மூன்றிலும் அதற்கு இடமிருக்கிறது. 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், ஆபத்தான மருந்துகள் கட்டளைச் சட்டம் கஞ்சாவைப் பொதுமக்களுக்கு விலக்கி வைத்தது. ஆனால் 1961இல் வந்த 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் வைத்தியர்கள் மருந்து செய்வதற்கு அதைப் பெற வழிவிட்டது. இந்த ஏற்பாடு பெரிய குழப்பமின்றி நடந்து வந்திருக்கிறது. ஆகவே, மூலிகையென்ற அளவில் அச்செடியோடு எனக்கு வழக்கெதுவும் இல்லை.

இலிகிதரின் மருமகன் ஒருவன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், விடுமுறைக்கு வந்திருந்தான். மறுநாள் அவனும் விவாதத்தில் கலந்துகொண்டான். நன்றாகப் படித்த பிள்ளை. 1893, 1894ஆம் ஆண்டுகளில் ஆங்கில அரசு இந்தியாவில் நியமித்த கஞ்சாக் கமிஷன் ஆயிரத்துக்கும் அதிகமான சாட்சிகளை விசாரித்து, அளவோடு பாவிப்பதால் பெருங்கேடு இல்லை, முற்றாகத் தடை செய்ய வேண்டியதில்லை என்று முடிவு கூறியதை எடுத்துக் காட்டினான். உருகுவே 2013இலும் கனடா 2018இலும் சட்டத்தைத் தளர்த்தியதையும், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரி முதல் கடைகளிலே பகிரங்கமாக விற்பதையும் சொன்னான். "சாராயம் குடிச்சுச் சாகிற ஆக்களை விடக் கஞ்சாவால செத்த ஆக்கள் எத்தினை பேர் சேர்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயமில்லாமலில்லை. சாராயம் எங்கள் கிராமங்களில் செய்திருக்கும் அழிவைக் கண்ணால் கண்டவன் நான். அதைக் கஞ்சாவுக்கு மேலானதென்று வாதாட வரவில்லை.

எனினும் அவன் எடுத்துக்காட்டிய கமிஷன் விசாரித்த கஞ்சாவுக்கும் இன்று கடையில் விற்கும் கஞ்சாவுக்கும் பெயர் ஒன்றேயொழியப் பொருள் ஒன்றன்று. வழக்கின் நடுப்புள்ளி இங்கேதான் இருக்கிறதென்று நான் நினைக்கிறேன். கஞ்சாவில் மயக்கத்தைத் தரும் பொருளுக்கு டெட்ரா ஹைட்ரோ கன்னாபினோல் என்று பெயர், சுருக்கமாக டி.எச்.சி. என்பர். 1964இல் இஸ்ரேலிய விஞ்ஞானிகளான ரபாயேல் மெசூலமும் யெஹியேல் காவோனியும் அதைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். அமெரிக்காவில் 1995 அளவில் பொலிசார் கைப்பற்றிய கஞ்சாவில் இப்பொருள் நூற்றுக்கு நான்கு பங்கு இருந்தது. 2014இல் அது நூற்றுக்குப் பன்னிரண்டைத் தாண்டியது. இப்போது கடைகளில் விற்கும் சாற்றுப் பிழிவுகளிலோ நூற்றுக்கு அறுபதும் எண்பதும் இருக்கிறது. பரணில் இருந்த எங்கள் கிழவன் இழுத்ததை இளங்கள் என்றால் இது வடித்தெடுத்த எரிசாராயம். கள்ளுக்குச் சொன்ன தீர்ப்பை எரிசாராயத்துக்குப் பொருத்திப் பார்ப்பது எவ்வளவு சரியோ, அந்த அளவுக்குத்தான் 1894ஆம் வருட அறிக்கையை இன்றைய கடைக்குப் பொருத்துவதும் சரி.

இதனை நான் புத்தகத்தில் படித்து அறிவதற்கு முன்பே ஒரு பிள்ளையிடம் கண்டேன். பெயரும் ஊரும் வேண்டாம். என்னிடம் உயர்தரத்தில் தமிழ் படித்தவன். செய்யுளைக் கேட்ட மாத்திரத்தில் மனத்தில் பதிக்கும் ஆற்றல் அவனுக்கு இருந்தது. பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கையில் வகுப்பில் பின்வாங்கிற்குப் போனான். பிறகு வரவு குறைந்தது. வடக்குக் கரை வழியாகக் கடத்தி வரும் 'கேரளக் கஞ்சா' என்று சொல்லப்படுவதை அவன் நாள் தவறாமல் புகைத்தானென்பது பின்னர்தான் தெரிய வந்தது. ஒருநாள் அந்தியில் அவனுடைய தாய் என் வீட்டுப் படலையில் வந்து நின்றாள். "சேர், எண்ட புள்ள ராவெல்லாம் நித்திரையில்ல. சுவருக்குப் பின்னால யாரோ அவனைப் பத்திக் கதைக்கிறாங்களாம். சோத்தில மருந்து போட்டிருக்கன் எண்டு என்னையே சந்தேகப்படுறான்." அவளுடன் போய்ப் பார்த்தேன். என்னை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. மிகவும் மரியாதையாக எழுந்து நின்றான். பிறகு, நான் வகுப்பில் நடத்திய பாடங்களிலே தன்னைப் பற்றிய இரகசியக் குறிப்புகளை மறைத்து வைத்திருந்தேனென்றும், அவற்றின் பொருளை இப்போதாவது சொல்ல வேண்டுமென்றும் கேட்டான்.

முதலில் பேயோட்டினார்கள். பிறகு நேர்த்தி வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கிடையில் ஏழு மாதம் கழிந்துவிட்டது. அந்த ஏழு மாதத்துக்கு யாரைக் குறை சொல்வது? அயலில் மனநோய் வைத்தியரைக் கண்டறியாத குடும்பம். பிள்ளைக்குப் பைத்தியமென்று ஊர் சொன்னால் அக்காளின் கலியாணம் நின்றுவிடுமென்று பயந்த குடும்பம். நானும் ஆசிரியனாக இருந்து பின்வாங்கிலே உட்கார்ந்தவனை ஏனென்று கேளாமல் விட்டவன்.

ஒரு பிள்ளைக்கு நேர்ந்ததைக் கொண்டு நாட்டுக்குச் சட்டம் சொல்லக் கூடாதென்பதை நான் அறிவேன். கஞ்சா புகைப்பவர் எல்லாரும் சித்தம் கலங்குவதில்லை. மிகப் பெரும்பாலோர் கலங்குவதில்லை. அப்படியிருக்க, புகைக்காமலே அந்நோய் அவனுக்கு வந்திருக்காதா என்ற கேள்வி என்னை நெடுநாள் அலைக்கழித்தது. சுவீடன் நாட்டில் 1969, 1970ஆம் ஆண்டுகளில் கட்டாய இராணுவ சேவைக்கு வந்த 45,570 இளைஞர்களைப் பதினைந்து வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 1987இல் 'லான்செட்' என்ற வைத்திய சஞ்சிகையில் வெளிவந்தது. பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு, பாவியாதவர்களிலும் ஆறு மடங்கு அதிகமாக இருந்ததென்று அது கண்டது. நோய் வரவிருந்தவர்களே கஞ்சாவை நாடினார்களோ என்ற ஐயத்தைப் பலர் எழுப்பினர். அந்த ஐயம் இன்னும் முற்றாகத் தீரவில்லை. ஆனால் 2019இல் ஐரோப்பாவின் பல நகரங்களிலும் பிறேசிலிலும் நடத்திய ஆய்வு இன்னொரு படி முன்னே சென்றது. நூற்றுக்குப் பத்துக்கு மேல் டி.எச்.சி. உள்ள வீரிய கஞ்சாவைத் தினமும் பாவிப்பவர்களிடம் சித்தக் கலக்கம் ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. வீரியம் குறைந்ததைப் பாவிப்பவர்களிடம் அவ்வளவு இல்லை. வீரியம் ஒன்று, வயது ஒன்று, தினமும் என்ற பழக்கம் ஒன்று. இம்மூன்றும் கூடுமிடத்தில் ஆபத்தும் கூடுகிறது. என் மாணவனிடம் மூன்றும் கூடியிருந்தன.

இனிக் கடைக்கு வருவோம். மேற்சொன்ன மூன்றையும் ஒருசேர வளர்ப்பதில் கடையைப் போல வல்லது வேறில்லை. எந்த வியாபாரியும் வருடத்துக்கு இருமுறை வந்து சிறிது வாங்கிப் போகிறவனை நம்பிக் கடை போடுவதில்லை. கொலராடோவில் கடைகள் திறந்த முதல் வருடத்தில் அம்மாநிலத்துக்கெனச் செய்த கணிப்பொன்றில், பாவிப்பவர்களில் ஐந்திலொரு பங்கினரான தினப் பாவனையாளர்களே மொத்தச் சரக்கில் மூன்றில் இரண்டு பங்கை முடிக்கிறார்களென்று தெரிந்தது. அந்த ஐந்திலொரு பங்கினர் நாளைக்கே மனந்திருந்தி அளவோடு பாவிக்கத் தொடங்கினால் கடைக்காரன் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். ஆகவே அவன் நல்லவனாயினும் கெட்டவனாயினும், அவனுடைய வாழ்வு ஒரு சிலரின் அடிமைத்தனத்தில் தங்கியிருக்கிறது.

கடை வந்ததும் சரக்கின் உருவமும் மாறிவிடுகிறது. புகைப்பதற்கு இருமல் வரும், மணம் காட்டிக் கொடுக்கும். இனிப்பாக்கி விற்றால் அத்தடைகள் இல்லை. அமெரிக்காவில் மிட்டாயாகவும் பிஸ்கட்டாகவும் சொக்லேட்டாகவும் கஞ்சா வந்தபின், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தவறுதலாக அவற்றைத் தின்றதாக நச்சுத் தகவல் நிலையங்களுக்கு 2017இல் வந்த முறைப்பாடுகள் 207, 2021இல் 3,054. நாலு வருடத்துக்குள் இந்த ஏற்றம். பெரியவன் தன் விருப்பத்துக்குப் பாவிக்கிறான், உனக்கென்ன என்று கேட்பவர்களுக்கு இந்தத் தொகையை மட்டும் காட்டலாம். நமக்கும் இது தொலைவிலுள்ள கதையன்று. 'மதன மோதகம்' என்ற பழைய ஆயுர்வேத மருந்தின் பெயரைச் சூட்டி, கஞ்சா கலந்த உருண்டைகளைப் பாடசாலைகளுக்கு அயலிலுள்ள பெட்டிக் கடைகளில் விற்றவர்கள் இந்நாட்டில் எத்தனையோ முறை பிடிபட்டிருக்கிறார்கள். வைத்தியனின் கையில் மருந்தாக இருந்தது பெட்டிக் கடைக்குப் போனதும் என்ன ஆயிற்று, பாருங்கள்.

"மீரிகமவில வரப்போறது கடையில்லையே சேர், தோட்டம்தானே?" என்று மருமகன் கேட்டான். கேட்கவேண்டிய கேள்விதான். அறிவித்த திட்டப்படி அங்கே விளைவது முழுவதும் கப்பலேறவேண்டும். ஒரு இலையும் உள்ளூரில் விற்கப்படலாகாது. அப்படியே நடந்தால் என் எழுத்தில் பாதி தேவையற்றதாகும். ஆனால் இந்த எண்ணம் எப்படிப் பிறந்ததென்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2022இல் நாட்டில் டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, மருந்தில்லை. அவ்வாண்டு நவம்பரில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில்தான் ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதை ஆராய நிபுணர் குழு அமைக்கும் பிரேரணை இடம்பெற்றது. அக்காலத்தில் சுற்றுலாத்துறை இராஜாங்க அமைச்சராக இருந்தவரும் அதனைப் பகிரங்கமாக ஆதரித்து வந்தார். அதாவது, பிரேரணை சுகாதாரப் பகுதியிலிருந்து வந்ததன்று. காசுப் பெட்டி காலியானபோது வந்தது. ஏற்றுமதி எதிர்பார்த்தபடி ஓடாவிட்டால், உலகச் சந்தையில் விலை விழுந்துவிட்டால், தேங்கிய சரக்கையும் போட்ட முதலையும் பார்த்துக்கொண்டு முதலீட்டாளர் சும்மா இருப்பாரா? "பாசிக்குடா ஹோட்டல்களில் வெள்ளைக்காரருக்கு மட்டுமாவது விற்போம்" என்ற குரல் அப்போது எழும். வெள்ளைக்காரனுக்கு எடுத்துக்கொடுக்க நிற்பவன் எங்கள் பையன்.

இது வெறும் கற்பனைப் பயமென்று தோன்றினால் தாய்லாந்தைப் பார்க்கலாம். 2022 ஜூன் 9ஆம் திகதி அந்நாடு கஞ்சாவைப் போதைப்பொருட் பட்டியலிலிருந்து நீக்கியது. சொன்ன காரணங்கள் மருத்துவமும் விவசாயி வருமானமுமே. பத்து இலட்சம் கன்றுகளை வீடுகளுக்கு இலவசமாகக் கொடுப்போமென்று சுகாதார அமைச்சர் அறிவித்தார். கடையைக் கட்டுப்படுத்தும் சட்டம் பாராளுமன்றத்தில் இழுபட்டுக் கொண்டிருந்தது, கடைகளோ காத்திருக்கவில்லை. ஆயிரக்கணக்கில் முளைத்தன. மூன்று வருடம் கழித்து, 2025 ஜூனில், வைத்தியரின் சீட்டின்றி விற்கக் கூடாதென்று அரசு உத்தரவிட வேண்டியதாயிற்று. திறந்த கதவைச் சாத்துவது எத்தனை கடினமென்பதை இனி அவர்கள்தாம் காண்பார்கள். அத்தனை கடைக்காரருக்கும் இப்போது குடும்பமுண்டு, கடனுண்டு, வாக்குமுண்டு.

இலங்கையும் ஒரு கதவைச் சாத்தியிருக்கிறது. ஆனால் அதை மறந்துவிட்டோம். ஆங்கிலேயர் காலத்தில் இந்நாட்டுப் பட்டினங்களிலே அரசாங்க உரிமத்துடன் அபின் கடைகள் இருந்தன. யாரும் போய்க் காசு கொடுத்து வாங்கலாம். அரசுக்கு வரி வந்தது. மக்களின் கண்டனம் வளர்ந்தபின் 1907இல் ஒரு குழு விசாரித்தது. 1910இல் வந்த சட்டத்தோடு அந்தக் கடைகள் மூடப்பட்டன. அன்று செய்ததில் ஒரு நுட்பமிருக்கிறது. ஏற்கெனவே அபினுக்கு அடிமைப்பட்டவர்களைச் சிறையில் அடைக்கவில்லை. அவர்களைப் பதிவு செய்து அளவாகக் கொடுத்தார்கள். நாட்டு வைத்தியருக்கும் மருந்துக்கு வேண்டியதைப் பெற வழி வைத்தார்கள். நோயாளிக்கும் வைத்தியனுக்கும் இடம் கொடுத்து, வியாபாரியை மட்டும் நடுவிலிருந்து அகற்றினார்கள். நூறு வருடத்துக்கு முன்பு அந்நிய ஆட்சியாளருக்கும் தோன்றிய இவ்விவேகம், இன்று தடை வேண்டுமென்பவர்களிடமும் காணப்படவில்லை, தளர்வு வேண்டுமென்பவர்களிடமும் காணப்படவில்லை.

தடை வேண்டுமென்போர் சிறையைக் காட்டுகிறார்கள். 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் ஆயிரமாயிரமாக இளைஞர்களைப் பிடித்தார்கள்; ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் மறுமாதமே அதை நிறுத்தும்படி கேட்டனர். ஒரு சுருட்டுக் கஞ்சாவோடு பிடிபட்ட பையனைச் சிறைக்கு அனுப்பினால், அங்கே அவன் ஐஸ் விற்பவனைச் சந்திக்கிறான். திரும்பி வரும்போது முன்பு போனவனாக வருவதில்லை. இதில் மருமகன் சொன்னதை நான் முழுவதும் ஏற்கிறேன். பாவித்தவனைக் குற்றவாளியாக்குவதை விடுவோம். ஆனால் அவனைச் சிறையிலிருந்து விடுவிக்க, ஊருக்குள் கடை திறந்துதான் ஆகவேண்டுமென்று எந்த நியாயம் சொல்கிறது? இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

உரிமம் கொடுத்துக் கடுமையாகக் கட்டுப்படுத்தலாமே என்பார்க்கு, கட்டுப்பாட்டின் இலட்சணத்தை நாம் சாராயத்தில் பார்த்திருக்கிறோமென்பதே விடை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவனுக்கு மதுவோ சிகரெட்டோ விற்கலாகாது. எங்கள் கடைத்தெருவில் எந்தப் பையனை வயதென்னவென்று கேட்டார்கள்? 2024ஆம் ஆண்டில் மாத்திரம் 362 மதுபான உரிமங்கள் புதிதாக வழங்கப்பட்டதாக அவ்வாண்டு டிசம்பரில் பாராளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. எங்களுக்கு மிக அண்மையில், கல்குடாப் பகுதியில் எதனோல் தொழிற்சாலை எழுந்தபோது 2017இல் எவ்வளவு எதிர்ப்புக் கிளம்பியதென்பதை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். அன்றும் வேலைவாய்ப்பு என்ற சொல்லைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். வேலையில்லாத ஊரில் அந்தச் சொல்லுக்கு எதிராகப் பேசுவது சுலபமன்று. கடதாசி ஆலை முழுவீச்சில் ஓடிய நாட்களில் வைக்கோல் ஏற்றிய வண்டிகள் வரிசையாக நின்றதை இலிகிதர் இன்றும் கண்கலங்கச் சொல்வார். அவர் 64 ஏக்கரைப் பெருக்கிப் பார்த்ததும் பேராசையால் அன்று. அந்த வண்டிகளின் நினைவால்.

அவருக்கு நான் சொல்லும் விடை இவ்வளவே. மீரிகமவில் விளைவதில் எத்தனை கிலோ விளைந்தது, எத்தனை கப்பலேறியது, எத்தனை அழிக்கப்பட்டது என்பதை வருடந்தோறும் பத்திரிகையில் வெளியிடட்டும். அவர் கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும். உள்ளூர் விற்பனை என்ற பேச்சு எழும் நாளில், அதை முதலீட்டுச் சபை தீர்மானிக்காமல் வைத்தியர்கள் தீர்மானிக்கட்டும். வருகிற டொலரில் ஒரு பங்கைப் பிரதேச ஆஸ்பத்திரிகளின் மனநோய்ப் பிரிவுகளுக்கு முதலிலேயே ஒதுக்கட்டும். ஒதுக்கத் துணியாத அரசு, இலாபத்தை எண்ணியிருக்கிறதேயன்றிச் செலவை எண்ணவில்லையென்று பொருள்.

சென்ற வாரம் இதை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அந்தப் பிரிவுக்கு ஒதுக்க எவ்வளவு வேணும் எண்டு கணக்கெடுத்தீங்களா மாஸ்டர்?" என்று கேட்டார். நான் எடுக்கவில்லை. பழைய கணக்குக் கொப்பி ஒன்றைத் தேடி எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

என் மாணவனுக்கு இப்போது முப்பது வயதாகிறது. மாதம் ஒருமுறை ஊசி போடத் தாயோடு பஸ்ஸில் போகிறான். ஓட்டமாவடிப் பாலத்தருகில் என்னைக் கண்டால் இறங்கி வந்து வணக்கம் சொல்வான். உடம்பு பருத்துவிட்டது, பேச்சு மெதுவாக வருகிறது. சென்ற மாதம் சந்தித்தபோது, பழைய பாடங்களில் ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். யோசித்தான். ஒரு செய்யுளின் முதலடியைத் தொடங்கினான், பாதியில் நின்றுவிட்டது. "மற்றது வருகுதில்லை சேர்" என்றான். பஸ் ஒலியெழுப்ப, தாய் கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள்.